நாக்கை நீட்டு

ஜூன் 3, திங்கள்

வெளிநோயாளிப் பிரிவில் டாக்டர் அஸ்லினா என் கையில் பட்டையைச் சுற்றிப் பொத்தானை அழுத்தினார். எண்ணைப் பார்த்தார். நம்பாமல் மறுபடியும் அழுத்தினார். நூற்று எழுபத்தெட்டுக்கு நூற்று நான்கு.

"மாத்திரை ஒழுங்கா போடுறீங்களா சார்?" என்று மலாயில் கேட்டார்.

"போடுகிறேன்" என்றேன். ஓய்வுபெற்ற உடற்பயிற்சி ஆசிரியன், மாநில அளவில் விசில் ஊதிய கால்பந்து நடுவன். பொய் சொல்லும்போதும் முதுகை நிமிர்த்தியே சொன்னேன்.

தினமும் வீட்டில் அழுத்தம் பார்த்து எண்ணைக் குறித்துவரச் சொல்லியிருக்கிறார். எண் மட்டும் போதுமாம். ஆட்டம் முடிந்ததும் யார் யாரை உதைத்தான் என்று பக்கம் பக்கமாக அறிக்கை எழுதிப் பழகிய கைக்கு எண் மட்டும் எப்படிப் போதும்? ஆகவே இந்த நாட்குறிப்பு. டாக்டருக்குத் தனியாக ஒரு துண்டுச் சீட்டில் எண்களை எழுதிக்கொள்ளலாம். இதை அவரிடம் காட்டுவதாக இல்லை.

ஜூன் 5, புதன்

மாத்திரை: மறதி.

சிவகாமி இருந்தவரை எனக்கு இந்த மறதி கிடையாது. காலையில் கோப்பித் தட்டின் ஓரத்தில் இரண்டு மாத்திரையையும் வைத்துவிடுவாள். அவள் போய் நான்கு வருடமாகிறது. இப்போது தட்டையும் நானே கழுவ வேண்டும், மாத்திரையையும் நானே தேட வேண்டும். இப்படி இருந்தால் மனிதனுக்கு அழுத்தம் ஏறாமல் என்ன செய்யும்?

தவிர, அந்த மாத்திரையால் கணுக்கால் வீங்குகிறது. சிறுநீரகத்தையும் கெடுத்துவிடும் என்று ஏரித் தோட்டத்தில் நடக்க வருகிறவர்கள் எல்லோரும் சொல்கிறார்கள். அவர்களில் ஒருவர்கூட மருத்துவம் படித்தவர் இல்லை. அதனால்தானோ என்னவோ அவ்வளவு உறுதியாகச் சொல்கிறார்கள்.

ஜூன் 8, சனி

பக்கத்து வீட்டு ஜெகநாதனின் மூட்டுவலியைச் சந்தைக்குப் பின்னால் கடை வைத்திருக்கும் ஒரு சீன வைத்தியர் குறைத்துவிட்டாராம். எங்கள் தைப்பிங்கில் மழை விடும் நேரம் பார்த்துக் கிளம்ப வேண்டும் என்றால் கிளம்பவே முடியாது. நனைந்துகொண்டே போனேன்.

வெள்ளைத் தாடிக் கிழவரை எதிர்பார்த்துப் போனவனுக்கு மூக்குக்கண்ணாடி போட்ட ஒரு பெண்மணி கிடைத்தார். என் வயதுக்கு இரண்டு மூன்று குறைவாக இருக்கும். லியோங் சின்சே; சீன வைத்தியரை இங்கே சின்சே என்றுதான் அழைப்பார்கள். சுவர் முழுக்கச் சின்னச் சின்ன இழுப்பறைகள். நான் மனதுக்குள் மலாய் வாக்கியங்களை அடுக்கிக்கொண்டிருக்கும்போது அவர் தமிழில், "வா, உக்காரு. கைய குடு" என்றார்.

'நீ' என்கிறார்! முப்பது வருடமாக இந்த ஊரே என்னை 'சார்' என்று அழைக்கிறது.

"தமிழ் எப்படி?" என்றேன்.

"எங்கப்பா ரப்பர் தோட்டத்துல மளிகைக் கட வச்சிருந்தாரு. தமிழ்ப் புள்ளைங்க கூடத்தான் வளந்தேன். பேசாத, நாடி பாக்கணும்."

இரண்டு மணிக்கட்டிலும் விரல் வைத்துக் கண்ணை மூடிக்கொண்டார். பிறகு, "நாக்க நீட்டு."

நீட்டினேன். பள்ளிக்கூடத்தில் என்னிடம் நாக்கை நீட்டிய பையன்கள் எல்லோரும் மைதானத்தைச் சுற்றி ஓடியிருக்கிறார்கள்.

"உள்ள சூடு. ஈரல்ல இருந்து மேல ஏறுது. தல சுத்துமே? கோவம் வருமே?"

"கோபமெல்லாம் வராது" என்று சற்றுக் கோபமாகச் சொன்னேன்.

"பிரஷர் மாத்திர சாப்புடுறியா? அத நிறுத்தக் கூடாது. என் மருந்தும் அதுவும் ஒன்னா குடிக்கக் கூடாது, நடுவுல ரெண்டு மணி நேரம் விடு. நீ இங்க வர்றது டாக்டருக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"என்ன சொன்னாங்க?"

"சந்தோஷப்பட்டாங்க."

இதை ஏன் சொன்னேன் என்று வீட்டுக்கு வரும் வழியெல்லாம் யோசித்தேன். கேள்வியைக் கேட்டுவிட்டு அவர் கண்ணாடிக்கு மேலே பார்த்த பார்வை அப்படி. இல்லை என்றால் எழுந்து போகச் சொல்லிவிடுவார் என்று தோன்றியது. இத்தனைக்கும் வெளியே மழை விட்டிருந்தது.

ஜூன் 9, ஞாயிறு

மண்சட்டி வாங்கிக் கஷாயம் காய்ச்சினேன். காய்ந்த சாமந்திப்பூ, கொக்கி மாதிரி வளைந்த முட்குச்சிகள், மரச்சீவல் போல ஏதோ ஒன்று. குச்சியைக் கடைசியில்தான் போட வேண்டுமாம். முதலிலேயே போட்டுவிட்டேன்.

ஜெகநாதன் வேலிக்கு மேலே எட்டிப் பார்த்தான். "பரமா, என்னாடா வீட்ல? எலி கிலி செத்துருச்சா?"

"மருந்துடா."

"குடிக்கிறதா பூசிக்கிறதா?"

குடித்தேன். பூசிக்கொண்டிருக்கலாம்.

ஜூன் 14, வெள்ளி

மருந்துப் பொட்டலம் ஒரு வாரத்துக்கு வரும் என்று கொடுத்தது. இருந்தாலும் இந்த வாரம் மூன்று முறை கடைக்குப் போக வேண்டியதாகிவிட்டது. ஒரு முறை குச்சியை எப்போது போடுவது என்று கேட்க. ஒரு முறை குடையை மறந்து வைத்துவிட்டதால். மூன்றாவது முறை முழங்கால் வலிப்பதாகச் சொன்னேன். எந்தக் கால் என்று கேட்டார். வீட்டிலேயே முடிவு செய்துகொண்டு போயிருக்க வேண்டும்.

அவருடைய கணவர் இறந்து வெகுநாளாகிறது. மகன் மெல்பர்னில். கடையை மூடிக்கொண்டு வா என்கிறானாம். "அங்க போயி யாரு நாக்க பாக்குறது?" என்கிறார். வைத்தியரைப் பற்றி நோயாளி இவ்வளவு தெரிந்துகொள்வது சிகிச்சைக்கு நல்லது என்று நினைக்கிறேன்.

சட்டையை இஸ்திரி போட்டுப் போனேன். வேறு காரணம் ஒன்றுமில்லை, அது கசங்கியிருந்தது.

ஜூன் 25, செவ்வாய்

நூற்று நாற்பத்தாறுக்கு எண்பத்தெட்டு!

காலையில் டாக்டர் அஸ்லினா, "பாத்தீங்களா, மாத்திரை நல்லா வேல செய்யுது" என்றார். தலையாட்டினேன். மாலையில் லியோங் சின்சே நாடியைப் பிடித்து, "பாத்தியா, சூடு எறங்கிருச்சு" என்றார். அங்கேயும் தலையாட்டினேன்.

உண்மை என்னவென்றால், கடைக்குப் போகும்போதெல்லாம் சின்சே கேட்கும் 'மாத்திர போட்டியா?' என்ற கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டியிருந்ததால் இந்த இரண்டு வாரமும் மாத்திரையை ஒரு நாள் விடாமல் போட்டேன். ஆக, கோல் போட்டது யார்? இருவரும் கையைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறார்கள். நடுவர் என்ற முறையில் எனக்கு இது பிடிக்கவில்லை.

ஜூலை 1, திங்கள்

மாத்திரைகளுக்குக் கொஞ்சம் ஓய்வு கொடுத்திருக்கிறேன். ஆட்டக்காரர்களைப் பெஞ்சில் உட்கார வைப்பது உலக வழக்கம்தான்.

சின்சேயின் மருந்து தனியாக ஜெயிப்பதைப் பார்க்க வேண்டும். ஜெயித்தால் அவரிடம் போய்ச் சொல்லலாம். அந்த முகம் எப்படி இருக்கும் என்று ஒரு ஆர்வம். அறிவியல் ஆர்வம்.

ஜூலை 6, சனி

கசப்புத் தாங்காமல் நானே ஒரு வழி கண்டுபிடித்தேன். மளிகைக் கடையில் அதிமதுரம் வாங்கி ஒரு கைப்பிடி சட்டியில் போட்டேன். அமிர்தம்! தொண்டைக்கு நல்லது, வயிற்றுக்கு நல்லது, பாடகர்களே மெல்கிறார்கள். இன்று இரண்டு கைப்பிடி. மிச்சத்தை நடக்கும்போது மென்றேன்.

மூலிகை மருத்துவத்துக்கு என்னால் ஆன பங்களிப்பு இது. சின்சேயிடம் சொல்லவில்லை. முடிவு தெரிந்த பிறகு சொன்னால் அசந்துபோவார்.

ஜூலை 11, வியாழன்

நூற்று எழுபது. கருவியில் பேட்டரி பலவீனம் போலிருக்கிறது.

ஜூலை 12, வெள்ளி

புது பேட்டரி. நூற்று எண்பத்திரண்டு. மலிவான பேட்டரி. கணுக்கால் வீக்கம் அதிகம். மாத்திரையை நிறுத்தியும் வீங்குகிறது என்றால் மாத்திரைமேல் அபாண்டமாகப் பழி போட்டுவிட்டேன் போலும்.

ஞாயிற்றுக்கிழமை மூத்தோர் கால்பந்து. கோயில் அணிக்கும் சந்தை வியாபாரிகள் அணிக்கும். நான்தான் நடுவர். சின்சேயும் வருகிறாராம், அவருடைய கடைக்குப் பக்கத்துக் கோழிக்கடைக்காரர் ஆடுகிறாராம். கருவியை அலமாரிக்குள் வைத்துவிட்டேன். ஆட்டத்துக்கு முன்னால் நடுவரைப் பதற்றப்படுத்தும் எதையும் பார்வையில் வைக்கக் கூடாது.

ஜூலை 16, செவ்வாய்

மருத்துவமனைப் படுக்கை. இடது கையால் எழுதுகிறேன் என்று சொன்னால் நாடகமாக இருக்கும். வலது கையால்தான். எழுத்து கோழி கிளறியது போல இருக்கிறது, ஆனால் இது எப்போதும் அப்படித்தான்.

நடந்ததை வரிசையாக எழுதுகிறேன். இரண்டாம் பாதி தொடங்கிக் கொஞ்ச நேரம். கோழிக்கடைக்காரர் பந்தோடு ஓடினார். எனக்கு இரண்டு கோழிக்கடைக்காரர்களும் இரண்டு பந்தும் தெரிந்தன. இருவருமே ஆஃப்சைடு. விசிலை ஊதிவிட்டு 'ஆஃப்சைடு' என்றேன். என் வாயிலிருந்து வந்தது அந்தச் சொல் இல்லை, எந்தச் சொல்லும் இல்லை. வெந்த களியை மென்றுகொண்டு பேசுவது போல ஒரு சத்தம். கையைத் தூக்கினேன், வலது கை வரவில்லை. யாரோ சிரித்தார்கள். கோயில் அணிக்குக் கோல் காத்துக்கொண்டிருந்த ஜெகநாதன் ஓடிவந்து, "டேய் பரமா, என்ன பாருடா, என்ன பாரு" என்று கன்னத்தைத் தட்டினான். நான் அவனிடம் சிவகாமிக்குச் சொல்லச் சொன்னேன். நல்லவேளை, அது யாருக்கும் புரியவில்லை.

இருநூற்றுப் பத்துக்கு மேல் இருந்ததாம். வந்து போன பக்கவாதம் என்கிறார்கள். மூளைக்குப் போகும் ரத்தம் சற்று நின்று திரும்பிவிட்டது. அடுத்த முறை திரும்பாமலும் போகலாம் என்று டாக்டர் அஸ்லினா நிதானமாகச் சொன்னார்.

பயந்துவிட்டேன். அன்று இரவு தூங்கும் வரை என் பெயரையே என்னால் சொல்ல முடியவில்லை. 'ப' வரை வந்து நின்றது. அறுபத்திரண்டு வயதில், சுவரைப் பார்த்துக்கொண்டு, ப, ப, ப என்று சொல்லிக்கொண்டிருந்தேன். ஞாயிறு இரவு தூங்கி எழுந்தபோது பேச்சு திரும்பியிருந்தது. தாதியிடம் தண்ணீர் கேட்டேன், கொடுத்தாள். அந்தத் தண்ணீரைப் போல ஒன்றை நான் குடித்ததில்லை.

இனி எழுத வேண்டியதை எழுதாமல் இருக்கலாமா என்று பார்த்தேன்.

நேற்று காலை என் மகள் ஷாமினி கோலாலம்பூரிலிருந்து வந்தாள். வங்கியில் வேலை, கணக்குக் கேட்டே பழகியவள். வந்ததும் அழுதாள், அழுது முடித்ததும் விசாரணையைத் தொடங்கினாள். "ஜெகா அங்கிள் எல்லாம் சொல்லிட்டாரு. சீன மருந்து குடிச்சீங்களாப்பா? பேச முடியலன்னா தலைய மட்டும் ஆட்டுங்க."

பேச முடியும். ஆனால் தலையை மட்டும் ஆட்டும் வசதியை அவளே கொடுத்துவிட்டாள். ஆட்டினேன்.

அந்த நேரம் பார்த்து லியோங் சின்சே உள்ளே வந்தார். கையில் ஒரு தாள். எனக்குக் கொடுத்த மருந்து ஒவ்வொன்றின் பெயரையும் சீனத்திலும் மலாயிலும் அளவோடு எழுதிக் கொண்டுவந்திருந்தார், டாக்டர் பார்க்கட்டும் என்று.

ஷாமினி எழுந்தாள். "நீங்கதானா அது? எங்கப்பாவ கொல்லப் பாத்தீங்களே! மாத்திரைய நிறுத்தச் சொல்லிட்டு இல தழ எல்லாம் குடுத்து... போலீஸ்ல ரிப்போர்ட் பண்ணுவேன்."

வார்டில் எல்லோரும் திரும்பினார்கள். சின்சே திரும்பி என்னைப் பார்த்தார். ஒரு வாக்கியம் போதும். 'அவர் நிறுத்தச் சொல்லவில்லை.' அவ்வளவுதான். அவர் அதற்காகக் காத்திருந்தார்.

நான் மேலே சுழலும் மின்விசிறியைப் பார்த்தேன். பேச்சு வராதவன் என்னத்தைச் சொல்வான்?

அவர் தாளை மேசையில் வைத்தார். "டாக்டர்கிட்ட குடு" என்று ஷாமினியிடம் சொல்லிவிட்டுப் போனார். வெளியே நல்ல மழை. குடை கொண்டுவந்தாரா என்று தெரியவில்லை.

ஜூலை 17, புதன்

டாக்டர் அஸ்லினா தாளை நிதானமாகப் படித்தார். சிலவற்றைப் பற்றித் தனக்குத் தெரியாது, மருந்தாளரைக் கேட்க வேண்டும் என்றார். "இந்த மாதிரி மருந்து சாப்புடுறவங்க நெறைய பேரு. எனக்குக் கோவம் இல்ல. எங்கிட்ட சொல்லிட்டுச் சாப்புடணும், அதுதான். ஒன்னோட ஒன்னு சேந்தா என்ன ஆகும்னு பாக்கணும்ல?" பிறகு என் ரத்தப் பரிசோதனையை எடுத்தார். பொட்டாசியம் மிகவும் குறைந்திருக்கிறதாம். "இந்த லிஸ்ட்ல இருக்கிறது எதுவும் இப்படிப் பண்ற மாதிரித் தெரியல. அதிமதுரம் நெறைய சாப்பிட்டா இப்படி ஆகும். உடம்புல தண்ணி நிக்கும், பிரஷர் ஏறும். ஆனா அது இதுல இல்லையே?"

"அந்த சின்சே மறைச்சிருப்பாங்க டாக்டர்" என்றாள் ஷாமினி.

மின்விசிறி சுழன்றது. இந்த முறை அதைப் பார்க்க முடியவில்லை.

"அது நான் போட்டது" என்றேன். தெளிவாக, ழகர ளகரம் பிசகாமல். "மாத்திரையை நிறுத்தியதும் நான்தான். நிறுத்தக் கூடாது என்று அந்த அம்மா முதல் நாளே சொன்னார். டாக்டரிடம் சொல்லச் சொன்னார். சொல்லிவிட்டேன் என்று பொய் சொன்னேன்."

ஷாமினி என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அப்பா, பேச்சு வந்துருச்சா?"

"வந்துவிட்டது."

"எப்ப?"

"கொஞ்சம் முன்னால்."

பக்கத்தில் நின்ற தாதி, உதவி செய்யும் நல்லெண்ணத்தில், "திங்கக்கெழம காலையிலேயே நல்லா பேசுனாரே. தண்ணி கேட்டாரு, பேப்பர் கேட்டாரு" என்றாள்.

என் மகள் என்னைத் திட்டவில்லை. நாற்காலியில் உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டாள். "நான் அந்தம்மாவ என்னவெல்லாம் சொன்னேன்... நீங்க கேட்டுக்கிட்டே படுத்திருந்தீங்களா?"

ஆமாம். கேட்டுக்கொண்டே படுத்திருந்தேன்.

ஜூலை 24, புதன்

வீடு. ஷாமினி திரும்பிப் போய்விட்டாள். மாத்திரைப் பெட்டி வாங்கி வைத்திருக்கிறாள், திங்கள் முதல் ஞாயிறு வரை அறை அறையாக. அதிமதுரம் குப்பைக்குப் போனது. கஷாயமும் இப்போதைக்கு வேண்டாம் என்பது டாக்டர் கட்டளை.

"மன்னிப்பு கேக்க நானும் வரேன். ஆனா மொதல்ல நீங்க போகணும்" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

போனேன். மூன்று பேருக்குப் பின்னால் வரிசையில் உட்கார்ந்தேன். என் முறை வந்ததும் அவர் எனக்கு அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

ஜூலை 27, சனி

மறுபடியும் போனேன். இன்று பேசினார்.

"ஒனக்கு வைத்தியம் பாக்க மாட்டேன். போ."

"மன்னிப்புக் கேட்க வந்தேன்."

"நான் நாக்கப் பாத்து மருந்து குடுக்குறவ. பொய் சொல்ற நாக்கப் பாத்து என்னா மருந்து குடுக்குறது?" குரலை உயர்த்தவே இல்லை. "ஒம் மக ஏசுனது எனக்கு ஒன்னுமில்ல. அப்பாவுக்காக ஏசுது, நல்ல புள்ள. நீ செத்திருந்தா? இந்தக் கட இருக்குமா? நாந்தான் கொன்னேன்னு ஊரு பேசும். நானும் அப்படித்தான நெனச்சேன்? ஜெகநாதன் வந்து உண்மைய சொல்ற வரைக்கும், ரெண்டு நாளா தாளையும் பொஸ்தகத்தையும் பொரட்டிப் பொரட்டி, எதத் தப்பா குடுத்தேன், எதத் தப்பா குடுத்தேன்னு..."

 இழுப்பறையைத் திறந்து எதையோ தேடினார். அதில் ஒன்றுமே இல்லை, நான் நின்ற இடத்திலிருந்து தெரிந்தது.

வீட்டுக்கு வந்து வெகுநேரம் விளக்குப் போடாமல் உட்கார்ந்திருந்தேன். இங்கே கேலியாக ஒரு வரி எழுத வேண்டும் என்று பார்க்கிறேன். வரவில்லை.

ஆகஸ்ட் 3, சனி

சனிக்கிழமை காலையில்தான் கடையில் கூட்டம் அதிகம். தெரிந்தேதான் போனேன். கோழிக்கடைக்காரரும் இருந்தார், அவரை ஆஃப்சைடு என்று சொன்னதற்கு இன்னும் முறைக்கிறார்.

வாசலில் நின்று எல்லோருக்கும் புரியட்டும் என்று மலாயில் பேசினேன். மைதானக் குரல், தெருமுனை வரை கேட்டிருக்கும். "நான் விழுந்ததற்கு இந்த அம்மாவின் மருந்து காரணமில்லை. டாக்டர் மாத்திரையை இவரிடம் சொல்லாமல் நிறுத்தினேன். அதிமதுரத்தை மாடு வைக்கோல் தின்கிற மாதிரி தின்றேன். என் மகள் இவரை ஏசியபோது பேச்சு வராதவன் போல நடித்தேன். தப்பு முழுக்க என்னுடையது."

 ஒரு மூதாட்டி தன் பக்கத்தில் இருந்தவரிடம் ஹொக்கியன் சீனத்தில் ஏதோ கேட்டார். அவர் மொழிபெயர்த்தார். மூதாட்டி என்னைப் பார்த்து, மிகுந்த அனுதாபத்தோடு, தன் நெற்றிப்பொட்டில் விரலை வைத்துச் சுற்றிக் காட்டினார். எல்லோரும் சிரித்தார்கள்.

லியோங் சின்சே தராசிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. ஆனால் தராசு ஆடியது.

"கஸ்டமர பயமுறுத்தாத. உள்ள வந்து உக்காரு."

உட்கார்ந்தேன். கூட்டம் போகும் வரை காக்க வைத்தார். கடைசியில் என் கணுக்காலைப் பார்த்து, "மாத்திர போட்டியா?" என்றார்.

"போட்டேன்."

"உண்மையா?"

பெட்டியைச் சட்டைப்பையிலிருந்து எடுத்துக் காட்டினேன். சனிக்கிழமை அறை காலி. அதை வாங்கி மூக்குக்கண்ணாடிக்கு அருகில் வைத்துப் பார்த்தார், நாக்கைப் பார்ப்பது போலவே.

ஆகஸ்ட் 7, புதன்

நூற்று முப்பத்தெட்டுக்கு எண்பத்து நான்கு. டாக்டர் அஸ்லினாவிடம் சின்சேயின் கடைத் தொலைபேசி எண்ணைக் கொடுத்தேன். என் முன்னாலேயே அழைத்துவிட்டார். இருவரும் மலாயில் வெகுநேரம் பேசினார்கள். இடையில் டாக்டர் இரண்டு முறை சிரித்தார். எதற்கு என்று கேட்டதற்கு, "நோயாளியப் பத்தி" என்றார்.

முடிவு: மாத்திரை தொடரும். கஷாயம் வேண்டாம். சாமந்திப்பூத் தேநீர் வேண்டுமானால் குடிக்கலாம், சீனி போடாமல். எனக்குத் தெரியாமல் இரண்டு அணியும் கைகுலுக்கிக்கொண்டன.

கஷாயம் இல்லையென்றால் கடைக்குப் போகக் காரணமும் இல்லை. இது அவர்கள் இருவருக்கும் தோன்றவில்லை.

ஆகஸ்ட் 11, ஞாயிறு

காரணம் இல்லாமலே போனேன். "மருந்து கெடையாது" என்றார். "மருந்துக்கு வரவில்லை" என்றேன். "அப்புறம் எதுக்கு வந்த?" என்றார்.

என்ன சொன்னேன் என்பதை இங்கே எழுதப்போவதில்லை. மிகவும் உளறினேன், ஆனால் இந்த உளறலுக்குப் பக்கவாதம் காரணமில்லை. அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு, அடுத்த ஞாயிறு கடை மத்தியானத்தோடு மூடிவிடும் என்றார். மீன் சாப்பிடுவேன் என்றார்.

ஆகஸ்ட் 18, ஞாயிறு

உப்புக் குறைத்து மீன்குழம்பு. வீட்டைக் கூட்டித் துடைத்தேன். ஜெகநாதன் வேலிக்கு மேலே தலையை வைத்துக்கொண்டு காலை முழுக்கச் செடிக்குத் தண்ணீர் ஊற்றினான், மழை பெய்துகொண்டிருக்கும்போது.

சாப்பிட உட்கார்ந்த நேரத்தில் ஷாமினி தொலைபேசியில் அழைத்தாள். கையில் குழம்பு என்பதால் ஒலிபெருக்கியில் போட்டேன்.

"மாத்திர போட்டீங்களாப்பா?"

"போட்டேம்மா."

"சாப்பாடு?"

"ஆச்சு, ஆச்சு."

மேசைக்கு எதிர்ப்பக்கம் தட்டில் கரண்டி மோதியது. லேசாக ஒரு இருமலும்.

"யாருப்பா அங்க?"

"யாருமில்லம்மா. டிவி."

"டிவி இல்ல புள்ள, நான்தான்" என்றார் லியோங் சின்சே, மீன்முள்ளை எடுத்துக்கொண்டே. "ஒங்கப்பாவுக்கு பிரஷர் கொறஞ்சிருச்சு. பொய் இன்னும் கொறையல."

 என் காதுக்குள் நாடி துடிப்பது எனக்கே கேட்டது. பிறகு மறுமுனையில், மூக்கை உறிஞ்சியது போல, இல்லை சிரித்தது போல, ஏதோ ஒரு சத்தம்.

"அப்பா" என்றாள் ஷாமினி. "அந்த டிவிகிட்ட போனைக் குடுங்க."